டோராவும் டாமும் நம் மீம்களை விட்டு ஏன் போவதில்லை?

பழைய வண்ணை வாசகன் (கேள்வி):

வணக்கம். வடசென்னையில் மழை வலுத்துச் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்கிவிட்டால், எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்திச் சேனலை முந்திக்கொண்டு கார்ட்டூன் சிறுமி டோரா வந்துவிடுகிறாள். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை, பேசின் பாலம், யானைக்கவுனி என்று அவளுக்கு வழி சொல்லும் மேப் மூன்று இடங்களை அடுக்க, மூன்றின் மேலும் யாரோ சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். கீழே டோரா கண்ணை அகல விரித்து, 'இப்போ நாம பாரிமுனைக்கு எப்படிப் போகலாம்?' என்று நம்மைக் கேட்டுக்கொண்டிருப்பாள். யானைக்கவுனி பாலம் மூடிக் கிடந்த ஆண்டுகளில் இதே படம் சிற்சில மாற்றங்களோடு எத்தனை முறை சுற்றி வந்தது என்பது இப்பகுதியில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

என் சந்தேகம் இதுதான். இதைத் தயாரிப்பவர்கள் இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பவர்கள். வேலை, வாடகை, மாதத்தவணை எனப் பெரியவர்களுக்குரிய கவலைகள் எல்லாம் உள்ளவர்கள். கவுண்டமணியும் வடிவேலுவும் விட்டுச்சென்ற நகைச்சுவைக் களஞ்சியம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, அவர்கள் ஏன் சிறு வயதில் பார்த்த கார்ட்டூனைத் தேடிப் போகிறார்கள்? 'பழைய நினைவு, வேறென்ன' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது எனக்குப் போதவில்லை. தேன்மிட்டாயும் பம்பரமும் கூடத்தான் பழைய நினைவு. சாயங்காலம் வீட்டில் ஓடிய மெகா தொடர்களையும் நாம் வருடக்கணக்கில் பார்த்தோம். அவையெல்லாம் இந்த அளவுக்கு மீம் ஆகவில்லையே. கார்ட்டூனுக்கு மட்டும் அப்படி என்ன தனித்தன்மை இருக்கிறது?

புளியந்தோப்பு பென்சில்:

நான் அனிமேஷன் நிறுவனம் ஒன்றில் கிளீன்-அப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மற்றவர் கிறுக்கலாகப் போட்ட பென்சில் ஓவியத்தைச் சுத்தமான ஒற்றைக் கோடாக்குவது என் பிழைப்பு. அதனால் கோடு எப்படிப் போடப்படுகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

அனிமேஷனில் ஒரு அசைவை வரையும்போது முதலில் அதன் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார்கள். அவற்றைக் கீ போஸ் என்போம். இடைப்பட்ட படங்கள் பிறகுதான் வரும். ஒரு கீ போஸ் தேறுமா என்று பார்க்க எங்களிடம் பழைய சோதனை ஒன்று உண்டு: உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பிவிட வேண்டும். கண்ணும் வாயும் மறைந்த அந்த நிழலைப் பார்த்தே அந்தப் பாத்திரம் கோபத்தில் இருக்கிறதா, பயந்து பின்வாங்குகிறதா என்று தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மறுபடி வரைய வேண்டும். இப்படிச் சலித்து எடுத்த நிலை, விரல் நகம் அளவுக்குச் சுருக்கப்பட்டு ஸ்டிக்கராக வரும்போதும் பொருள் மாறாமல் நிற்பதில் வியப்பில்லை. நடிகர் ஒருவரின் முகத்தை ஓடும் படத்திலிருந்து நிறுத்தி எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட ஸ்கிரீன்ஷாட்டுகளில் கண் அரைகுறையாக மூடியிருக்கும், கை கலங்கித் தெரியும். (வடிவேலு இதற்கு விலக்கு. அவர் அதிர்ச்சியையோ அசட்டுத்தனத்தையோ உடம்பு முழுவதாலும் ஒரு கணம் பிடித்து நிறுத்திக் காட்டுவார். அசலான கீ போஸ் அதுதான். தமிழ் மீம் உலகில் அவரை இன்றும் யாரும் அசைக்க முடியாததற்கு வசனம் பாதிக் காரணம் என்றால், இது மீதிப் பாதி என்பேன்.)

டாம் அண்ட் ஜெர்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் 1940 முதல் 1958 வரை எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக 114 குறும்படங்கள் எடுத்தார்கள். ஏழு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. பெரும்பாலும் பேச்சே இல்லாத படங்கள் என்பதால் சொல்ல வேண்டியது அத்தனையையும் டாமின் முகமே சொல்லியாக வேண்டியிருந்தது. இடையிடையே டாம் அலறும் அந்தப் பிரசித்தி பெற்ற அலறல் கூட ஹன்னாவின் சொந்தக் குரல்தான். மொழி தேவைப்படாத முகம் எந்த மொழி வாசகத்தையும் தாங்கும்.

அதே இருவர் 1957இல் தனி நிறுவனம் தொடங்கித் தொலைக்காட்சிக்கு வந்தபோது பணமும் நேரமும் சுருங்கிவிட்டன. முழு உருவத்தையும் ஒவ்வொரு முறையும் வரைய முடியாது. ஆகவே உடம்பை அசையாமல் நிறுத்திவிட்டுத் தலையை மட்டும் அசைத்தார்கள். அவர்களுடைய யோகி கரடி என்ற கார்ட்டூன் பாத்திரத்துக்குக் காலரும் டையும் இருப்பது அலங்காரத்துக்காக மட்டும் அன்று. தலையைத் தனியாகவும் உடலைத் தனியாகவும் வரையும்போது இரண்டும் சேரும் கோட்டை அந்தக் காலர் மறைத்துவிடும். செலவைக் குறைக்கச் செய்த இந்தத் தந்திரத்தின் விளைவாக, ஒரே நிலை திரையில் பல நொடிகள் நிற்கிறது. நிற்கும் படம் மனத்தில் பதிகிறது. எந்த நேரத்தில் நிறுத்தினாலும் சுத்தமான ஒரு படமும் கிடைத்துவிடுகிறது.

டோராவுக்கு இதற்கு மேலும் ஒரு வசதி உண்டு. மழலையர் திரையைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்று திட்டமிட்டே உருவாக்கிய நிகழ்ச்சி அது. எனவே அவள் கேள்வி கேட்டுவிட்டு, சில நொடிகள் கண் சிமிட்டிக்கொண்டு நம்மையே பார்த்தபடி நிற்பாள். அந்த மௌனத்தில் நாம் சின்ன வயதில் 'மலை!' என்று கத்தினோம். இப்போது 'தண்ணி வடியற வரைக்கும் வீட்டுலயே இரு' என்று எழுதுகிறோம். பதிலுக்கான காலியிடத்தை அந்த நிகழ்ச்சியே விட்டுவைத்திருக்கிறது.

ராயபுரம் டீச்சர்:

கோட்டின் கதையைப் பென்சில் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் நன்றாக வரையப்பட்ட படம் என்பது மட்டும் ஊர் முழுக்கப் பரவப் போதாது. பார்ப்பவர் எல்லோருக்கும் அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். நம் பகுதியில் அது எப்படி எல்லோருக்கும் தெரிந்தது என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

2003 செப்டம்பரில் சென்னையில் கட்டணச் சேனல்களுக்கு செட்-டாப் பெட்டி வேண்டும் என்ற முறை நடைமுறைக்கு வந்தது. கார்ட்டூன் சேனல்கள் கட்டணப் பட்டியலில் இருந்தன. எங்கள் தெருவில் அந்தப் பெட்டி வாங்கியவர்கள் மிகச் சிலரே. 'பெட்டி வெச்ச வீடு' என்று அடையாளம் சொல்லும் அளவுக்குச் சிலர். மற்றப் பிள்ளைகள் அந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதுவும் அந்த வீட்டு ஆயா விரட்டாத வரைக்கும். பிறகு 2006இல் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டே, அதாவது 2007இல், தமிழில் குழந்தைகளுக்கான சேனலாகச் சுட்டி டிவி வந்தது. இந்த இரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்ததுதான் இந்த விஷயத்தில் மிக முக்கியமானது என்பது என் கணிப்பு. மீன் ஏலம் எடுக்கும் வீட்டுப் பிள்ளையும், துறைமுகத்தில் கணக்கு எழுதுபவர் வீட்டுப் பிள்ளையும், ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே நிகழ்ச்சியை, தமிழில் பார்க்கத் தொடங்கினார்கள்.

தமிழில் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். டோரா அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஜாக்கி சான் அட்வென்சர்ஸும் அதே ஆண்டுதான். ஆனால் நம் பிள்ளைகளுக்கு அவை தமிழ்க் குரலாகவே பிறந்தன. அங்கே பூட்ஸ் என்ற பெயருடைய குரங்கு இங்கே புஜ்ஜி. அங்கே நரியைத் தடுக்க மூன்று முறை சொல்லும் வாக்கியம் இங்கே 'குள்ளநரி திருடக் கூடாது' ஆயிற்று. என் வகுப்பில் ஒரு பையன் பக்கத்துப் பெஞ்சுக்காரனின் அழிரப்பரைத் தொட்டால் போதும், மொத்த வகுப்பும் கையை முன்னே நீட்டி, ராகம் மாறாமல் இதைச் சொல்லும். நான் கரும்பலகையைத் தட்டினால்தான் நிற்கும். அந்தப் பிள்ளைகள் இன்று அலுவலகத்தில் டிபன் டப்பாவைத் திறக்கும்போது நண்பன் கை நீட்டினால் அதே ஸ்டிக்கரைத்தான் அனுப்புகிறார்கள். ஸ்டிக்கரில் சத்தம் கிடையாது. ஆனாலும் பார்க்கிறவர் காதில் அந்தக் குரல் கேட்கிறது. ஜாக்கி சான் தொடரில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் அந்த முதியவரும் அப்படித்தான்: எல்லாம் பேசி முடித்துத் திரும்பிப் போவார், ஜாக்கி மூச்சு விடுவதற்குள் இன்னும் ஒரு விஷயம் என்று மறுபடி வந்து நிற்பார். வீட்டுக்கு வீடு இப்படி ஒரு பெரியவர் இருப்பதால் அந்தப் பாத்திரத்துக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

மெகா தொடர் ஏன் இப்படி ஆகவில்லை என்று கேட்டீர்கள். தொடரின் ஒரு காட்சி ஒருமுறை வரும், மறுநாள் கதை நகர்ந்துவிடும். குழந்தைகள் சேனலோ ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் போடும். பிள்ளைகளும் சலிக்காமல் பார்ப்பார்கள். தேர்வுக்குக்கூட யாரும் இவ்வளவு மனப்பாடம் செய்ததில்லை. மேலும், தொடரின் நாயகி நாளுக்கொரு புடவை கட்டுவாள். டோரா ஒருநாளும் உடை மாற்றியதாகத் தெரியவில்லை!

பெரம்பூர் லோகோ:

டீச்சர் சொல்வது டோராவுக்கும் ஜாக்கிக்கும் சரி. ஆனால் இந்த வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இன்று நாம் தினமும் பயன்படுத்தும் கார்ட்டூன் மீம்களில் பல, நம்மில் யாரும் சிறு வயதில் பார்க்காத கார்ட்டூன்களிலிருந்து வந்தவை.

இரண்டு ஸ்பைடர்மேன்கள் ஒருவரை ஒருவர் விரல் நீட்டிக் குற்றம் சாட்டும் படம் 1967இல் தொடங்கிய தொடரைச் சேர்ந்தது. எங்கள் அப்பாவே அப்போது அரைக்கால் சட்டை போட்ட பையன். அவர் வீட்டில் தொலைக்காட்சியும் இல்லை. இறுக்கி மூடிய முஷ்டியை மட்டும் காட்டும் படம் ஆர்தர் என்ற அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சித் தொடரின் 1999ஆம் ஆண்டுப் பகுதி ஒன்றில் வருவது; தான் செய்த பொம்மை விமானத்தைத் தங்கை உடைத்துவிட்ட கோபத்தில் ஆர்தர் கையை மடக்குகிறான். அது மீம் ஆனது 2016இல். அதைப் பகிரும் என் நண்பர்களில் ஒருவருக்கும் ஆர்தர் யாரென்றே தெரியாது. அவன் மனிதனா விலங்கா என்று கேட்டால்கூடச் சொல்ல மாட்டார்கள். வண்ணத்துப்பூச்சியைக் காட்டி 'இது புறாவா?' என்று கேட்பவன் 1991ஆம் ஆண்டு ஜப்பானிய அனிமே ஒன்றின் பாத்திரம். இவையெல்லாம் யாருடைய பால்ய நினைவு? நமக்கு அந்த நினைவு இல்லாமலேயே அவை நம்மிடம் நன்றாக வேலை செய்கின்றனவே.

புளியந்தோப்பு பென்சில்:

லோகோ அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. அவர் காட்டிய மூன்றிலும் வசனம் தெரிய வேண்டியதில்லை, கதை தெரிய வேண்டியதில்லை. விரலும் முஷ்டியும் போதும். கருத்து முழுவதும் கோட்டிலேயே இருப்பவை எல்லை தாண்டிப் போகின்றன. குரலில் இருப்பவை, டோராவின் குள்ளநரியைப் போல, அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த கூட்டத்துக்குள்ளேயே சுற்றுகின்றன. ஒரு மலையாளி நண்பரிடமோ இலங்கை நண்பரிடமோ குள்ளநரி ஸ்டிக்கரை அனுப்பிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

சில சமயம் கதை தெரியாமல் இருப்பதே நல்லதாகிறது. 2017இல் பரவிய, ஸ்பாஞ்ச்பாப் என்ற கார்ட்டூன் பாத்திரத்தின் மீமை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: முதுகு வளைந்து, கைகள் பின்னுக்கு மடங்கி, உதடு முன்னே துருத்தி நிற்கும் படம். மற்றவர் பேசியதை இளித்துக்காட்டி எகத்தாளம் செய்வதற்கு உலகம் முழுக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். உண்மையில் அந்தப் பகுதியில் அவன் யாரையும் கேலி செய்யவில்லை. கட்டம் போட்ட துணியைப் பார்த்தால் கோழியாகிவிடும் விசித்திரப் பழக்கம் அவனுக்கு, அவ்வளவுதான். அந்தத் தொடருக்கு எழுத்தாளர்கள் முதலில் வசனம் எழுதித் தருவதில்லை. கதைச்சுருக்கத்தை வைத்துக்கொண்டு ஸ்டோரிபோர்டு ஓவியர்களே படமாக வரைந்தபடி காட்சியையும் வசனத்தையும் உருவாக்குவார்கள். அதனால் இப்படிப்பட்ட முகங்கள் அதில் கொட்டிக் கிடக்கின்றன. ஆங்கிலத்தில் அந்த மீமுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாற்றி மாற்றி எழுதுவார்கள். தமிழில் அதற்கு வழி இல்லாததால் நம் ஆட்கள் 'நாஆஆளைக்குத் தந்துடறேஏஏன்' என்று நெடிலை இழுத்துவிட்டார்கள். கடன் வாங்கியவரின் முகம் அப்படியே கண்முன் வருகிறது.

காசிமேட்டுக் கட்டுமரம்:

எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். சினிமாப் படத்தை எடுத்தால் அதோடு அந்த நடிகரும் வருவார், அவருடைய ரசிகரும் வருவார், கட்சியும் வரும். நம் குழுவில் ஒருவர் ஒரு நடிகரின் முகத்தை வைத்துச் சாதாரணமாகக் கிரிக்கெட் மீம் போட்டார். அது எப்படி முடிந்தது என்பது நினைவிருக்கும், அட்மின் இரண்டு பேரை வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஜெர்ரிக்கு ரசிகர் மன்றம் கிடையாது, சாதி கிடையாது, அடுத்த தேர்தலில் நிற்கவும் போவதில்லை. 2019இல் யாரோ பகிர்ந்த ஒரு சுத்தியலின் புகைப்படத்திலிருந்து கிளம்பி, வடிவேலு நடித்த நேசமணி பாத்திரத்துக்காக ஊரே பிரார்த்தித்ததே, அந்த அளவுக்கு எல்லாத் தரப்பும் சேர்ந்து சிரிக்கும் சினிமா முகம் வடிவேலுவைத் தவிர அபூர்வம்.

நம் பகுதிக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். சினிமாவில் வடசென்னை ஆள் என்றால் லுங்கி, கத்தி, முகத்தில் வெட்டுத் தழும்பு. எங்கள் பக்கத்துப் பையன் முதல் முறையாக டை கட்டிக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போகிறான், பயத்தில் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று ஒரு மீம் போட நினைத்தால், சினிமாவில் அதற்கேற்ற வடசென்னை முகமே அகப்படவில்லை. கடைசியில் அவன் நண்பர்கள் போட்டது, கண்ணாடி முன்னால் நின்று தலைமுடியை வழித்து வாரிக்கொள்ளும் டாம். டாம் எந்த ஊரும் இல்லாதவன் என்பதால் திருவொற்றியூர்க்காரனாகவும் ஆகிவிடலாம். ஒரு நடிகனின் முகத்தில் ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கிறான். நாலு கோட்டில் போட்ட முகத்தில் நம் ஆளை உட்கார வைப்பது சுலபம்.

பழைய வண்ணை வாசகன்:

அனைவருக்கும் நன்றி. மெகா தொடர் பற்றிய என் கேள்விக்கு டீச்சரின் பதிலும், சினிமா பற்றியதற்குக் கட்டுமரத்தின் பதிலும் எனக்குத் திருப்தி அளிக்கின்றன. நினைவு என்பது கூட்டத்தைத் திரட்டித் தருகிறது, ஆனால் கோடு சரியில்லாவிட்டால் அந்தக் கூட்டத்துக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது என்று புரிந்துகொள்கிறேன். தொடர்ந்து ஒரு கேள்வி: என் அக்கா மகன் நான்காம் வகுப்புப் படிக்கிறான். அவன் சேனல் எதுவும் பார்ப்பதில்லை. யூடியூபில் அவனுக்குப் பிடித்ததை அவன் பார்க்கிறான், அவன் தங்கை வேறொன்றைப் பார்க்கிறாள். ஒரே வீட்டிலேயே பொதுவான நிகழ்ச்சி இல்லை. இவர்கள் பெரியவர்களான பிறகு எதை வைத்து மீம் செய்வார்கள்?

ராயபுரம் டீச்சர்:

பெரியவர்களாகும் வரை அவர்கள் காத்திருக்கவில்லை என்பதுதான் என் அனுபவம். நீங்கள் குள்ளநரியைப் பார்த்ததற்கும் அதை மீம் ஆக்கியதற்கும் நடுவில் பத்து ஆண்டுகளாவது இருந்தன. செல்போனும் டேட்டாவும் உங்கள் கைக்கு வர அவ்வளவு காலம் பிடித்தது. இப்போது வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பார்ப்பதும் கேலி செய்வதும் ஒரே போனில், ஒரே சாயங்காலத்தில் நடக்கிறது. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பார்த்தாலும், யூடியூபின் பரிந்துரை பல பேரை ஒரே இடத்துக்குத்தான் கொண்டு சேர்க்கிறது. 2023இல் யூடியூபில் தொடங்கிய ஸ்கிபிடி டாய்லெட்டை என் பள்ளியில் அறியாத பிள்ளை அரிது. கழிப்பறைக் கோப்பைக்குள்ளிருந்து தலை நீட்டிப் பாடும் அந்த உருவத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து, கீழே கணக்கு ஆசிரியரின் பட்டப்பெயரை எழுதியிருந்தார்கள். நோட்டைப் பறிமுதல் செய்யாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன், வரைந்த விதம் அவ்வளவு துல்லியம். தமிழ்க் குரல் என்ற ஒன்று மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பாட்டில் இருப்பது எந்த மொழி என்று அவர்களுக்கும் தெரியாது, அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

புளியந்தோப்பு பென்சில்:

டீச்சர், அதையும் கொஞ்சம் கவனியுங்கள்: தலை மட்டும்தான் ஆடுகிறது, உடம்பே கிடையாது. யோகி கரடியின் காலர் செய்த வேலையை இங்கே கோப்பையின் விளிம்பு செய்கிறது.